நாலாவது மாடிக் கூடம்

ஜூன் 9

தம்பி,

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதமென்றால் முடிகிற வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

குடிவந்து ஒரு மாதமாகப் போகிறது. இத்தனை வருஷம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாக ஒரு கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியாது. ஹாலில் சுவர் முழுக்க ஜன்னல் வைத்திருக்கிறாயே, அதன் ஓரத்தில்தான் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன். விளக்குப் போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறேன். பள்ளிச் சீருடைக் கடைக்காரர், "என்னம்மா, இப்பல்லாம் தையல் நேரா வருது" என்று கிண்டல் செய்கிறார். உன் அத்தான் பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் ஜன்னலடியில் தரையில் நீட்டிப் படுத்துவிடுகிறார். முன்பெல்லாம் வந்தவுடன் எரிந்து விழுவார். இப்போது குட்டியின் கணக்கு நோட்டை அவரே கேட்டு வாங்கிச் சொல்லிக்கொடுக்கிறார். தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார், அது வேறு கதை.

ஒரே குறை அக்கம்பக்கம். இந்த நாலாவது மாடியில் இருப்பவர்கள் என்ன பிறவிகளோ. முகம் கொடுத்து ஒரு வார்த்தை கிடையாது. செருப்பு வைக்கிற இடத்துக்குச் சண்டை. பகலிலும் காரிடாரில் குழல்விளக்கு எரிகிறது. அது கெட்டுப்போனால் மாற்றுவது யார் என்று அதற்கும் சண்டை. லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தபால்காரர் குடியிருக்கிறார். போன வாரம் அந்த இருட்டில் யாரோ வைத்த சைக்கிளில் இடித்து விழுந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. என் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, குட்டி வந்து சொல்லித்தான் தெரியும்.

போகட்டும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று உன் ஆபீஸில் அத்தனை பேர் முன்னாலும் அழுதேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "ஒரு வீடும் பாக்கி இல்லக்கா" என்றவன் ஒரே வாரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாய். எப்படி என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ. கட்டிடத்துக்குப் படம் போட்டவன் நீ, இன்னும் படியேறி வரவில்லை என்றால் நன்றாகவா இருக்கிறது?

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு பிடித்திருப்பதில் சந்தோஷம். வெயில் அதிகமாக இருந்தால் கனமான திரையாகப் போட்டுக்கொள்.

உங்கள் கட்டிடத்தைக் கட்டிய அதே கம்பெனிக்குத்தான் இந்த ஊரிலும் வேலை. நகரவே முடியவில்லை. பிறகு வருகிறேன்.

அக்கம்பக்கத்தாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அடுக்குமாடி என்றால் அப்படித்தான். நாம் நம் வீட்டுக்குள் இருந்தால் போதும். வீடு எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், சொந்தக்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல். படம் போட்டவன் தம்பி என்று சொல்லாதே. அப்புறம் குழாய் ஒழுகினால்கூட என்னைத் தேடுவார்கள்.

அத்தானுக்கு என் அன்பு. குட்டியின் கணக்கை வேறு யாரிடமாவது கேட்கச் சொல்.

தம்பி


ஜூலை 15

தம்பி,

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதவேண்டும். சின்ன வயது. கைக்குழந்தை. கணவன் கப்பலில் வேலை, வந்தால் உண்டு. அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது.

நான் எப்போது கதவைத் திறந்தாலும் இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றுகொள்வாள். பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. பார்வை மட்டும் என் தோளுக்குப் பின்னால் ஹாலுக்குள் போகும். போன வாரம் துணி மூட்டை வாங்கக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உள்ள என்ன இருக்குன்னு எண்ணிப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு போனாள். நானும் கதவைச் சாத்தினேன்.

நீ சொன்னதுபோல் கனமான திரை வாங்கி வாசலுக்கும் போட்டுவிட்டேன். அதன்பிறகு தொந்தரவு இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் என்னிடம் பேசிய மாதிரியே பேசியிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 7

தம்பி,

எதிர்வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மத்தியானம் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. சீருடைகளை அன்றைக்குள் கொடுத்தாக வேண்டும். பெற்றவள் பார்த்துக்கொள்வாள் என்று தைத்துக்கொண்டிருந்தேன். அழுகை தேய்ந்து முனகலான பிறகுதான் எழுந்து போனேன். கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் நனைந்து கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் அவள் பேர் எனக்குத் தெரியாது, தம்பி. எதிரெதிரே கதவு, பேர் தெரியாது. தோளைத் தொட்டு உலுக்கினேன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்று, "நான் ஒண்ணும் பாக்கலக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. தாயார் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் இப்போது தைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்காவுக்கு,

நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. டாக்டரே காரணத்தைச் சொல்லிவிட்டார். கணவன் பக்கத்தில் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. நீ போய்ப் பார்த்தாய், அதுவே பெரிது.

மனதைத் திருப்பிக்கொள். குட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே எங்காவது போய்விட்டு வா. அந்தக் கட்டிடத்தையே சுற்றிச் சுற்றி வராதே.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பி,

கட்டிடத்தைச் சுற்றி வராதே என்று எழுதினாய். வந்தேன்.

ஐந்தாவது மாடியில் ஒரு பிள்ளைக்குப் பாவாடை அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். படியேறி, எங்கள் வீட்டுக் கதவு இருக்கிற அதே இடத்துக்கு நேர்மேலே போய் நின்றேன். அங்கே கதவு இல்லை. வீடே இல்லை. காரிடார் அப்படியே அகன்று ஒரு கூடமாகி, கடைசியில் என் ஹால் ஜன்னலைப் போலவே சுவர் முழுக்க ஜன்னல். காரிடார் கோடிவரை வெளிச்சம், காற்று. சிமெண்டுத் திட்டில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். ஒருவர் முகத்தில் செய்தித்தாளை மூடிக்கொண்டு தூங்குகிறார். இரண்டு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டு மாமியாரைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த மாமியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு குழந்தை கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. எவளுடையது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து ஒருத்தி சொன்னாள்: "எல்லா மாடியிலயும் உண்டு. நாலாவதுல மட்டும் அடைச்சு வீடாக்கிட்டாங்களாம். பாவம், அந்த மாடிக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக்கூட மாட்டாங்களாம்." எந்த மாடி என்று என்னைக் கேட்டாள். மூன்றாவது என்று சொன்னேன்.

அளவெடுக்காமலேயே இறங்கிவிட்டேன். மூன்றாவது, இரண்டாவது, எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் எங்களைப் போலத்தான், அதே அளவு வீடு, அதே தண்ணீர்த் தட்டுப்பாடு. என்ன பிறவிகளோ என்று ஜூன் மாதம் உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

நான் கேட்கவேண்டிய கேள்வி உனக்குத் தெரியும். பதில் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 31

அக்கா,

ஆமாம். அது வீடாக இருக்கவேண்டிய இடம் இல்லை. நான் போட்ட முதல் படத்தில் எல்லா மாடியிலும் கூடம் உண்டு. நீ வந்து அழுதுவிட்டுப் போன மறுநாள், நாலாவது மாடிக் கூடத்தை அடைத்தால் ஒரு வீடு கிடைக்கும் என்று கம்பெனிக்குச் சொன்னவன் நான்தான். எனக்குத் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு அந்த வீட்டை உன் பேருக்கு எழுதினார்கள்.

உன்னைத் தெருவில் விட்டுவிட்டு நான் என்ன படம் போட்டு என்ன பயன்? உனக்காகச் செய்தேன். தூங்கிக்கொண்டிருந்த எவரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. அவர்கள் குடிவருவதற்கு முன்பே அந்தச் சுவர் எழும்பிவிட்டது. இல்லாத ஒன்றை அவர்கள் இழக்கவில்லை. ஒரு பெண்ணின் உடம்பு கெட்டதற்கு ஒரு சுவர் காரணமாகாது. நிரூபிக்கவும் முடியாது.

இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் என் வேலை போய்விடும். உன் வீடும்தான்.

தம்பி


செப்டம்பர் 10

தம்பி,

சுவர் மட்டும் காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? சுவர் உன்னுடையது, கதவு என்னுடையது. இரண்டும் சேர்ந்துதான்.

அவள் எங்கள் வீட்டைப் பார்க்க வரவில்லை. வெளிச்சத்துக்கு வந்தாள். அவளுக்கென்று இருந்த இடத்தில்தான் குழந்தையைப் படுக்கவைத்தாள். அதைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை. பிறகு, "நம்ம இடத்துல வேற யாராவது இருந்தா சொல்லுவாங்களா?" என்றார். சொல்ல மாட்டார்கள் என்றேன். அப்படியானால் நாம் மட்டும் எதற்கு என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீயே சொல்லு. எனக்குச் சொல்ல வராது. பக்கத்துல நிக்கிறேன்."

உன் பேரைச் சொல்லவேண்டுமா வேண்டாமா என்று நீதான் எழுதவேண்டும்.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

என்ன காரியம் செய்யப் போகிறாய் என்று தெரிந்துதான் எழுதுகிறாயா? சொல்லிவிட்டால் உனக்கு மனசு லேசாகிவிடும். அந்த லேசுக்கு விலை நான் கொடுக்கவேண்டும், அத்தான் கொடுக்கவேண்டும், குட்டி கொடுக்கவேண்டும். அன்றைக்கு அழுதுகொண்டு வந்தவள் நீ. நான் உன்னைக் கூப்பிடவில்லை.

என் பேரைச் சொல்வதானால் சொல். ஆனால் இனி எனக்கு எழுதாதே.

தம்பி


அக்டோபர் 14

தம்பி,

எழுதாதே என்றாய். இது ஒன்றுக்காக எழுதியே ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் உள்ள எல்லோரையும் எங்கள் ஹாலுக்குக் கூப்பிட்டேன். வேறு எங்கே கூடுவது? பாதிப் பேர்தான் வந்தார்கள், அதுவும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து. வந்தவர்கள் பேச்சைவிட ஜன்னலைத்தான் பார்த்தார்கள். நான் சொல்லி முடித்தபோது ஒருவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இன்னும் தெரியவில்லை. செருப்புச் சண்டைக்காரர் உன் அத்தானைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். தபால்காரர் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். கோடி வீட்டுப் பெண்தான் என்னைக் கொன்றாள். "சொல்லாமயே இருந்திருக்கலாம். இவ்வளவு நாள் இருட்டு இருட்டா இருந்துச்சு. இனிமே அது எங்ககிட்டருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றாள்.

ஹாலை விட்டுக்கொடுத்துவிடுகிறோம் என்றேன். வீடு முழுவதையும் விட்டுவிட்டுப் போக எங்களுக்கு வேறு இடம் இல்லை. சமையலறையும் ஒரு அறையும் எங்களுக்கு இருக்கட்டும், ஹால் மாடிக்குப் போகட்டும். உன் பேரையும் சொன்னேன். என் தம்பி என்றும், எனக்காகச் செய்தான் என்றும் சொன்னேன்.

எந்தச் சுவரை இடிக்கலாம், எது பாரம் தாங்குகிற சுவர் என்று உனக்குத்தான் தெரியும். உன் கோபம் இருக்கட்டும். மேலே ஐந்து மாடிக் குடும்பங்கள் இருக்கின்றன. அதை மட்டும் எழுதி அனுப்பு.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

படம் இதனுடன் இருக்கிறது. சிவப்புக் கோடு போட்ட சுவர்களை இடிக்கலாம். தூண்களில் கைவைக்க விடாதே. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பிரதியைக் கம்பெனிக்கும் அனுப்பினேன். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எதிர்பார்த்ததுதான், அதைப் பற்றி நீ எதுவும் எழுதவேண்டாம்.

ஆகஸ்டில், அந்தப் பெண்ணைப் பற்றிய உன் கடிதம் வந்ததும் நான் புறப்பட்டு வந்தேன். எதிர்ச் சாரியில் நின்று நாலாவது மாடியைப் பார்த்தேன். ஜன்னலில் நீ உட்கார்ந்திருந்தாய், ஆனால் தைக்கவில்லை. மேலே வர முடியவில்லை. திரும்பிப் போய்த்தான் உன்மீது தப்பில்லை என்று அந்தக் கடிதத்தை எழுதினேன். அது உனக்கு எழுதிய ஆறுதல் இல்லை.

தம்பி


டிசம்பர் 5

தம்பி,

சுவர் இடித்தாயிற்று. குப்பையை அள்ளித் தீர்வதற்குள் கீழ்வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள், நியாயமான சண்டை.

மெஷின் இப்போது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். சீருடைகளில் தாளித்த வாசனை அடிக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். உன் அத்தானுக்குக் கால் நீட்ட இடமில்லை, பழையபடி எரிந்து விழுகிறார். நானும் விழுகிறேன். ஒரு அறையில் மூன்று பேர் என்றால் அப்படித்தான் ஆகிவிடுகிறது. குட்டிதான் கூடத்திலேயே குடியிருக்கிறாள்.

எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைக்காதே. ஜன்னலோரம் யார் உட்காருவது என்று இப்போது சண்டை. ஆனால் சண்டை போட்டுவிட்டு எழுந்து போவதில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். என்னிடம் சிலர் பேசுகிறார்கள். செருப்புச் சண்டைக்காரர் நான் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்.

எதிர்வீட்டுப் பெண் தாயாரோடு திரும்பி வந்துவிட்டாள். முகம் தெளிந்திருக்கிறது. குழந்தை தவழ்கிறது. நான் போய், அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். "ஆமாக்கா" என்றாள். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். சொல்லவில்லை. நானும் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

நீ வா. வந்தால் படுக்க இடம் கிடையாது, இருந்தாலும் வா.

அக்கா


ஜனவரி 12

அக்கா,

வந்தேன். நீங்கள் வீட்டில் இல்லை. உண்மையைச் சொன்னால், பூட்டியிருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. கூடத்தில் போய் உட்கார்ந்தேன். நான் போட்ட படத்துக்குள் ஒரு சாதாரண ஆளாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

தபால்காரர் யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். அக்கா வீட்டுக்கு என்று உன் கதவைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன், அவர் தள்ளி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரென்று நீ சொல்லாமலே தெரிந்தது. அவள்தான் கேட்டாள்: "இதே மாதிரி வேற எங்கெல்லாம் அடைச்சிருக்கீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். இந்த ஊரில் இரண்டு கட்டிடங்கள் இருக்கின்றன. ஒரு மாடியில் அடைக்கலாம் என்று வழி காட்டியவன் நான். இங்கே எல்லா மாடியிலும் அடைத்துப் படம் போடு என்று கம்பெனியில் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். இரண்டிலும் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். உனக்காகச் செய்தேன் என்று எழுதினேன் இல்லையா, அந்த இரண்டு கட்டிடங்களிலும் எனக்கு அக்கா யாரும் இல்லை.

திங்கட்கிழமை முதல் கட்டிடத்துக்குப் போகிறேன். அவர்களுக்கு அங்கே ஒரு கூடம் இருந்திருக்கவேண்டும் என்றே தெரியாது. இடிக்க முடியுமா, யார் சம்மதிப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு முதல் வார்த்தையாக என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது.

தம்பி


ஜனவரி 16

தம்பி,

என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தண்ணீர் குடித்தேன், ஏதோ ஆரம்பித்தேன். அவர்களையெல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் நின்றேன், அது நினைவிருக்கிறது.

நீயும் நின்றுகொண்டே சொல். உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடாதே.

அக்கா